அடுத்த பெயருக்கு முன்

ஜூலை 8, திங்கள்

ஊருக்குத்தான் உபதேசம், எனக்கில்லை என்று இருக்கக் கூடாது என்பதற்காக இதை ஆரம்பிக்கிறேன். மருந்து வாங்கும் செயலி ஒன்றை உருவாக்குகிறோம். அதற்காகச் சிலரைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தோம். மருந்து எப்போது தீர்ந்தது, யார் போய் வாங்கினார்கள், எங்கே எரிச்சல் வந்தது என்று நாலு வரி எழுதினால் போதும். முதல் நாள் எல்லோரும் எழுதினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "சோம்பேறிங்க" என்றேன். என் மேலாளர் ஹரீஷ், "நீங்க கொஞ்ச நாள் எழுதிப் பாருங்க மேகலா, அப்புறம் பேசலாம்" என்றார். சென்னைக்காரர். குத்தினாலும் சிரித்துக்கொண்டேதான் குத்துவார்.

நான் யூஎக்ஸ் டிசைனர். அப்பா இன்னமும் "கம்ப்யூட்டர்ல படம் போடறா" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். செயலியைத் திறக்கிறவர் எங்கே விழிப்பார், எந்தப் பொத்தானைத் தப்பாக அமுக்குவார் என்று அவருக்கு முன்னால் நான் யோசித்து, அந்தத் தடங்கலை எடுத்துவிட வேண்டும். ஒருவர் என்ன கேட்கப் போகிறார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். இதில் நான் கெட்டிக்காரி. அடக்கத்துக்காக இல்லையென்று சொல்ல மாட்டேன்.

காலையில் என் கணவர் பூபதி ஷூ மாட்டிக்கொண்டே "இன்னிக்கு சாயந்தரம் நானு…" என்றார். "லேட்டாகும், ஆடிட்டு, தெரியும்" என்றேன். பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு அவருக்கு. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அவர் முடிப்பதற்குள் நான் சட்னி தாளித்துவிடுவேன்.

தாரிகா வண்டியில் ஏறும்போது "ம்மா, மி… மி… மிஸ்…" என்றாள். "நோட்டுக்கு அட்டை போடச் சொன்னாங்களா?" என்றேன். தலையாட்டினாள். நாலாம் வகுப்பு. மூளை வேகமாக ஓடும் பிள்ளை, வாய் கொஞ்சம் பின்னால் வரும். அவ்வளவுதான்.

அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு சத்தி ரோட்டில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், பள்ளிச் செயலியிலிருந்து செய்தி வந்தது. 'அன்புள்ள பெற்றோரே, உங்கள் குழந்தை தாரிகா இன்று பள்ளிக்கு வரவில்லை.' வண்டியை ஓரம் கட்டினேன். அவசரத்தில் நம்பர் தப்பாகப் போனது. மறுபடி போட்டேன். "கிளாஸ்லதான் இருக்காங்க மேடம். சிஸ்டம் மிஸ்டேக்" என்றார்கள். அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

நோட்டுகளுக்கெல்லாம் ஏற்கெனவே அட்டை இருக்கிறது. ஜூனில் நானே போட்டது. பின்னே ஏன் தலையாட்டினாள்? சரி, வாங்கி வந்த காகிதம் வீணாக வேண்டாமென்று பழைய அட்டை மேலேயே புதிதையும் போட்டேன். தாரிகா பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுத்தாள்.

ஜூலை 11, வியாழன்

இன்று சோதனைக்கு சரோஜினி அம்மா வந்தார். சரவணம்பட்டியில் இட்லி மாவு விற்பவர். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். போனைக் கையில் கொடுத்து, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "நாங்க உங்களைச் சோதிக்கலைங்க அம்மா, இந்த ஆப்பைத்தான் சோதிக்கறோம். இதுல தப்புன்னு எதுவுமே கிடையாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிட்டே செய்யுங்க."

மாத்திரையின் பெயரைத் தேடும் இடத்தில் நின்றுவிட்டார். "ஏனுங் கண்ணு, இத அமுத்தட்டுங்களா?" என்றார். நான் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் சோதனை கெட்டுவிடும். "உங்களுக்கு என்ன தோணுதுங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குத்தியைத் திருகினார். அந்த நேரத்தில் ஒரு காபி போட்டுவிடலாம். நான் முகத்தைச் சுளிக்காமல், கடிகாரம் பார்க்காமல், இலேசாகச் சிரித்தபடி இருந்தேன். கடைசியில் அவராகவே கண்டுபிடித்து அமுத்தினார். "அட, இங்கியே இருக்குதுங்களே" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையை அடுத்த அறையில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்த, ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் கை தட்டினார்களாம். "எப்படி மேடம் வாயைத் திறக்காம இருக்கீங்க?" என்று கேட்டார்கள். பழக்கம் என்றேன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

ஜூலை 12, வெள்ளி

மறுபடி 'வரவில்லை'. இந்த முறை பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. இது என்ன வடிவமைப்பு? ஆசிரியை வருகைப் பட்டியலில் டிக் போடாத பெயரெல்லாம் தானாக 'வரவில்லை' ஆகிவிடும் போலிருக்கிறது. உடனே பெற்றோருக்குச் செய்தியும் போய்விடுகிறது. திருத்துவதற்குக்கூட அவகாசம் இல்லை. கையில் வேலையோடு இருக்கும் ஒரு தாயைப் பதறவைக்கிறோம் என்று இதைச் செய்தவர்களுக்குக் கொஞ்சமாவது தோன்றியிருக்குமா?

சாயங்காலம் தாரிகாவிடம் "கிளாஸ்ல மிஸ் போன்லதான் அட்டெண்டன்ஸ் போடறாங்களா?" என்று கேட்டேன். "ஆ… ஆமா. ஆ… ஆனா நா…" "ஆனா நெட் கிடைக்கறதில்ல, அதானே?" என்றேன். அவள் ஷூ கழற்றப் போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

துணி துவைத்து, வாரத்துக்குக் காய் நறுக்கி வைத்து, தோள்பட்டை விட்டுப்போய்விட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போகலாம் என்று பூபதிதான் சொன்னார். கணபதி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் கூட்டம். சர்வர் அவசரத்தில் இருந்தார். தாரிகா பக்கம் குனிந்து "பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்றார். அவள் "ப…" என்று உதட்டைக் கூட்டினாள். பின்னால் நாலு பேர் இடத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். "அவளுக்கு ரவா தோசை" என்றேன். அவளுக்கு என்ன பிடிக்குமென்று எனக்குத் தெரியாதா?

பூபதி தன் பரோட்டாவில் பாதியை அவள் தட்டில் வைத்தார். அதை முழுக்கத் தின்றாள். ரவா தோசையை நான்தான் தின்றேன். நெய் அதிகம். இரவெல்லாம் நெஞ்சு கரித்தது.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு விஷயம். ஒன்று, ஹரீஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, லீடு பதவிக்கு என் பெயரைச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இருபத்தாறாம் தேதி மும்பைக்காரர்களுக்கு நான் எங்கள் மருந்துச் செயலியை விளக்க வேண்டும். செயலியைச் செய்யச் சொன்ன மருந்துக் கம்பெனி அவர்களுடையது. அவர்களுக்குப் பிடித்தால் ஆறு பேர் எனக்குக் கீழே வேலை செய்வார்கள். ஒரே சிக்கல், தினமும் மாலை ஆறரைக்கு அவர்களோடு கூட்டம் இருக்கும். "வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். வீட்டில் பேச என்ன இருக்கிறது? பத்து வருஷமாக இதற்குத்தானே ஓடுகிறேன். சரி என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, இன்றும் 'வரவில்லை'. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து அந்த வருகைப் பட்டியலை நானே புதிதாக வரைந்தேன். பொத்தான்களைப் பெரிதாக்கி, திருத்த அவகாசம் கொடுத்து, படத்தோடு பிரின்ஸிபாலுக்கு அனுப்பினேன். 'ஆசிரியரின் கவனக்குறைவைக் குறை சொல்லவில்லை. கவனக்குறைவு நேரும் என்று தெரிந்தே வடிவமைக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். ரொம்ப மரியாதையான வரி.

ஜூலை 17, புதன்

மழை. துணி காயவில்லை. பிரின்ஸிபால் பதில் போட்டிருக்கிறார்: 'ஆசிரியரிடம் விசாரிக்கிறோம்.'

ஜூலை 19, வெள்ளி

எஸ்தர் மிஸ் வரச் சொல்லியிருந்தார். தாரிகாவின் வகுப்பாசிரியை. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

"மேடம், ஆப்புல தப்பில்லைங்க" என்றார். "நான் போனைப் பாத்துட்டேதான் பேர் கூப்பிடுவனுங்க. ஒருத்தரொருத்தரா 'பிரசண்ட் மிஸ்' சொல்லச் சொல்ல டிக் போட்டுட்டே போவேன். சத்தம் வரலைன்னா வரலைன்னு நினைச்சு அடுத்த பேருக்குப் போயிருவேன். முடிச்சுட்டு நிமிந்து பாத்தா தாரிகா எந்திரிச்சு நிக்கிறா. நின்னபடியே வாயைக் கூட்டிட்டு இருக்கிறா. உடனே மாத்திருவனுங்க, ஆனா அதுக்குள்ள உங்களுக்கு மெசேஜ் போயிருது."

"போன வருஷம் இப்படி இல்லையே" என்றேன்.

"போன வருஷம் பக்கத்துல இருந்த பிள்ளை 'தாரிகா வந்திருக்கா மிஸ்'னு சொல்லிரும். அந்தப் பிள்ளை இப்ப வேற செக்‌ஷனுங்க. சில நாளு இவளுக்கே வந்துருது. சில நாளு வர மாட்டேங்குது. பேர் கூப்பிட்டதும் சொல்லியாகணும்னாலே அவளுக்கு அடைச்சுக்குது."

எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்தினேனோ என்னவோ, பக்கத்து மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"தாரிகாகிட்டத்தான் சொல்லி விட்டனுங்க, அம்மாவ ஒரு நாளு வரச் சொல்லுன்னு. ஸ்கூல் திறந்ததுல இருந்து ரெண்டு மூணு தடவை. சொல்லலீங்களா?"

சொல்லவில்லை என்றேன்.

என் கடிதத்தை வைத்துப் பிரின்ஸிபால் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார். "போன் பாக்கத் தெரியாதான்னு கேட்டாங்க. பரவால்லீங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. வண்டிச் சாவியை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்தேன்.

ஜூலை 20, சனி

ஒரு பிரச்சினை என்றால் அதற்கு ஒரு தீர்வு உண்டு. என் தொழிலே அதுதான். சத்தம் வரவில்லை என்றால் சத்தம் இல்லாத வழியைக் கொடுக்க வேண்டும். பேர் கூப்பிட்டதும் கையைத் தூக்கினால் போதும். மிஸ் பார்த்து டிக் போடலாம். எளிது, செலவில்லை. மதியம் சாப்பிடும்போது தாரிகாவிடம் சொன்னேன்.

"மாட்டேன்" என்றாள். அதில் ஒரு திக்கல்கூட இல்லை.

"ஏன்? கையைத் தூக்கறதுல என்ன கஷ்டம்?"

"எ… எல்லாரும் சொ… சொ…"

"எல்லாரும் சொல்றப்ப நீ மட்டும் கை தூக்கினா சிரிப்பாங்கன்னு பயமா? யாரும் சிரிக்க மாட்டாங்க, மிஸ்கிட்ட நான் பேசறேன்" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். ரசம் மேஜையில் சிந்தி ஓடியது. பூபதி துணி எடுத்துத் துடைத்தார்.

"அவ சொல்லி முடிக்கட்டும் மேகலா. நீ கொஞ்சம் வுடு" என்றார்.

"நான் உதவிதானே பண்றேன்."

"உதவிதான். போன வருஷம் ஸ்பீச் தெரபிக்குப் போனமே, அந்தப் பொண்ணு மொத நாளே என்ன சொன்னாங்க? பிள்ளை பேசறப்ப நீங்க முடிச்சு…"

"முடிச்சு வெக்காதீங்கன்னு. ஞாபகம் இருக்கு."

அவர் துணியைப் பிழிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்பக்கூட நீதான் முடிச்ச" என்றார். சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சிகிச்சையை ஏன் நிறுத்தினோம் என்பதும் ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஆபீசில் வேலை வந்தது. நான்தான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். எத்தனை அடுத்த மாதம் போய்விட்டது.

"நீங்க மட்டும் அவளக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றேன். பூபதி யோசித்தார். "போயிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் சண்டை போட அவர் எதையும் தரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அவள் கை தூக்க மாட்டாள் என்றால் அதுவும் வேண்டாம். எஸ்தர் மிஸ்ஸுக்கு ஒரு சின்ன மெசேஜ் போட்டேன். தாரிகா வகுப்பில் இருப்பதைப் பார்த்தாலே டிக் போட்டுவிடுங்கள், அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று. 'ஓகே மேம்' என்று கும்பிடு போட்டு உடனே பதில் வந்தது. தாரிகாவுக்குத் தெரிய வேண்டாம். பூபதியிடமும் சொல்லவில்லை, இதில் சொல்ல என்ன இருக்கிறது.

ஸ்பீச் தெரபிக்கும் நேரம் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனி. இந்த முறை விட மாட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

நேற்றும் இன்றும் 'வரவில்லை' வரவில்லை. தீர்ந்தது. காலையில் அவள் பேசும்போது முடித்து வைக்காமல் இருந்து பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்ல வந்தது தண்ணீர் பாட்டில் மூடி லூசு என்று. ஆனால் அதற்குள் என் முகம் எப்படி இருந்ததோ, அவள் பாதியில் நிறுத்திவிட்டுப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

பள்ளி விட்டு வந்ததிலிருந்து உம்மென்று இருக்கிறாள். ஜலதோஷம் பிடிக்கப் போகிறதோ என்னவோ. மிளகு ரசம் வைத்தேன்.

ஜூலை 24, புதன்

பள்ளி அரை நாள்தான். பூபதிக்கு ஆடிட். தாரிகாவை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதியம் ஒரு சோதனை இருந்தது. ரங்கசாமி ஐயா என்று ஓய்வு பெற்ற லாரி டிரைவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். தாரிகாவைப் பையன்களோடு அடுத்த அறையில், சோதனை தெரியும் டிவி முன்னால் உட்காரவைத்து, சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவர் மெதுவான மனிதர். மருந்துப் பெயரில் ஓர் எழுத்து அடிப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். நடுவில் தன் மகள் கல்யாணக் கதை ஒன்று. நான் எப்போதும்போல் காத்திருந்தேன். "அவசரமில்லைங்க ஐயா" என்று ஓரிரு முறை சொன்னேன். எனக்கு அவசரமில்லை என்பது உண்மைதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு அவசரம் வருவதில்லை.

வெளியே வந்தபோது தாரிகா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இப்போது காலி நாற்காலிதான் தெரிந்தது. "பாப்பா அசையவே இல்ல மேடம்" என்றார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், கணபதி சிக்னலில், பின்னாலிருந்து "அந்தத் தா… தா… தா…" என்றாள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். "அந்தத் தாத்தாவப் பிடிச்சுதா?" என்று கேட்டுவிட்டேன்.

இத்தனை நாளாக நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். இன்று ஆட்டவில்லை. "இல்ல" என்றாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். "அப்ப என்ன கண்ணு, சொல்லு" என்றேன். இறங்கித் திரும்பி நின்றுகூடக் கேட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். வீடு வரைக்கும் என் முதுகில் கை வைக்காமல், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் என்ன கேட்க வந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாத்தாவுக்காக நான் காத்திருந்ததை முழுக்கப் பார்த்திருக்கிறாளே. எழுத வேண்டாம்.

ஜூலை 26, வெள்ளி

பூபதிக்கு ஆடிட்டின் கடைசி நாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மும்பைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே விளக்குவதாக ஹரீஷிடம் சொன்னேன். படுக்கை அறையில் மேஜை போட்டேன். தாரிகாவுக்குப் பாலும் பிஸ்கட்டும் வைத்து, அம்மா கதவைத் திறக்கும்வரை கூப்பிடக் கூடாது, நெருப்புப் பிடித்தால் மட்டும் கூப்பிடலாம் என்றேன். தலையாட்டினாள்.

ஆறரைக்கு ஆரம்பித்தது. திரையில் ஐந்து முகம், ஹரீஷோடு ஆறு. நன்றாகப் போனது. எனக்கே தெரிந்தது. செயலியில் நான் பெருமைப்படும் இடத்துக்கு வந்தேன். நோயாளி மருந்துப் பெயரை முழுதாக அடிக்க வேண்டியதில்லை, முதல் இரண்டு எழுத்தை வைத்து மீதியை நாமே முடித்துக் கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

தாரிகா உள்ளே வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. நான் மைக்கை அணைத்தேன். கை காட்டி அப்புறம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ம்மா. மி… மி… மி…"

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு தெரிந்தது. மிஸ் என்று என் வாயில் வந்துவிட்டது. மிஸ் ஏதாவது சொன்னாங்களா, ஹோம்வொர்க்கா, திட்டினாங்களா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பல்லைக் கடித்தேன். ஸ்பீக்கரில் யாரோ, நெட் போய்விட்டதா என்று கேட்டார்கள். ஹரீஷ் என் பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். நான் நாற்காலியைத் திருப்பி அவள் பக்கம் உட்கார்ந்தேன்.

"மிஸ் எ… எ… என் பேரையே கூ… கூப்பிடறதில்ல."

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். பாதி புரிந்தது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"த… தருண்னு சொல்லுவாங்க. அப்பு… அப்புறம் தி… திவ்யஸ்ரீ. நடுவுல நா… நான்தானே. தி… திங்கக்கிழமைல இருந்து என்னைக் கூப்பிடறதே இல்ல. நா… நான் எந்திரிச்சு நின்னேன். மிஸ் பாத்துட்டு சி… சிரிச்சாங்க. உ… உக்காருன்னாங்க."

"ஓகே மேம்" என்று கும்பிடு போட்டு வந்த பதில் கண்ணுக்குள் நின்றது. நான்தான் செய்தேன். அவள் தினமும் எழுந்து நின்று முட்டிமோதிய அந்த ஒரு நிமிஷத்தையும் தடங்கல் என்று எடுத்துவிட்டேன். பிள்ளை வகுப்பில் இருக்கிறாள், பெயர் மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள் என்று அடக்கினேன்.

"அம்மாதான் மிஸ்கிட்ட அப்படிச் சொன்னேன்" என்றேன்.

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.

"க… க… கூப்பிடச் சொல்லு" என்றாள்.

"நான் சொல்லல. நீ சொல்லு. நான் கூட வந்து நிக்கறேன்."

யோசித்தாள். சரி என்று சொல்லவும் கொஞ்ச நேரம் ஆனது. அதையும் கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் திறந்தேன். குழந்தை பேசிக்கொண்டிருந்தாள், அதனால்தான் என்று மும்பைக்காரர்களிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. மீதியை விளக்கி முடித்தேன். எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஹரீஷ் பிறகு ஒரு வரி அனுப்பினார்: 'திங்கள் காலை ஒன்பதரைக்கு லீடு விஷயமாகக் கூட்டம், வந்துவிடுங்கள்.'

பூபதி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மெசேஜையும். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் அவர் சொன்னது, "சாப்ட்டியா?" என்பதுதான்.

ஜூலை 29, திங்கள்

எஸ்தர் மிஸ் வகுப்பு வாசலில் நின்றிருந்தார். முதல் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். தாரிகாவின் பையை நான் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"சொல்லுங்க மேடம்" என்றார் மிஸ்.

நான் சொல்லவில்லை. தாரிகா "மி… மி…" என்று ஆரம்பித்தாள். தோள் இரண்டும் மேலே ஏறின. மிஸ் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கண்ணாலேயே கேட்டார். இரண்டாவது மணி அடித்தது. உள்ளே யாரோ பெஞ்சைத் தட்டிப் பாட்டுப் பாடினார்கள். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் சடையில் இருந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்.

"மிஸ், எ… என் பேரக் கூ… கூப்பிடுங்க" என்றாள் தாரிகா. மிஸ் "சரிம்மா" என்று உள்ளே திரும்பினார். அவள் விடவில்லை. மிஸ்ஸின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"கூப்பிட்டுட்டு, நா… நான் சொல்ற வரைக்கும் அ… அ… அடுத்த பேருக்குப் போகாதீங்க."

அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை மணிக் கூட்டம் முடிந்திருந்தது. லீடு யார் என்று நான் கேட்கவில்லை. அவர்களாகச் சொல்லட்டும்.